பொட்டு வைத்த லென்ஸ்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்த அந்தக் கேமரா கடையில் ஒரு பொருளை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கையில் காசு இருந்தால் மட்டும் போதாது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மனிதரைச் சமாளிக்க வேண்டும். நாம் பொருளின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் "எதுக்குங்க?" என்பார். எகத்தாளமாகக் கேட்கமாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். அதுதான் தொல்லை. எகத்தாளமாகக் கேட்டால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிடலாம்.

நாற்பதைத் தாண்டிய ஆள். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பதில் விரல் நீளத்தில் ஒரு டார்ச், தோளில் மற்றவர்கள் துண்டு போடுகிற இடத்தில் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி. டீ வந்தால் பாதி குடித்துவிட்டு மீதியை மறந்துவிடுவார். எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும், விற்பதற்கோ பழுதுக்கோ, முதலில் டார்ச்சை அடித்து உள்ளே பார்ப்பார். டாக்டர் தொண்டையைப் பார்ப்பதுபோல அவ்வளவு நேரம் பார்ப்பார். நாம் பக்கத்தில் நின்று நம்முடைய உடம்புக்கே என்னமோ ஏதோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டும்.

காரிமங்கலத்துக்காரர் ஒருவர் மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளிச் சீராகக் கேமரா வாங்க வந்தார். நான் அப்போது பக்கத்தில்தான் நின்றேன். மாப்பிள்ளை கேட்டாரா என்றார் இவர். இல்லை, நாங்களாகத்தான் செய்கிறோம் என்றார் வந்தவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை? பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்படியானால் அவர் போனிலேயே எடுத்துக்கொள்வார், இதைக் கொடுத்தால் பீரோவில் ஏறி உட்கார்ந்துவிடும், கட்டிக்கொடுத்த பாப்பாவுக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி, எதிர்ச்சாரியில் எந்தக் கடையில் வாங்கலாம் என்பதையும் காட்டி அனுப்பினார். கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி கையில் பிஸ்கட்டோடு அப்படியே இருந்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது.

அந்த முதலாளிக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாமனார் கடை, கல்யாணத்தோடு கைக்கு வந்தது. ஒரு லென்ஸைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்ல லென்ஸ் என்பார். அப்புறம் ஏன் இந்த ஆளை வைத்துக்கொண்டிருந்தார் என்றால், பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் பூஞ்சை பிடித்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு இவரிடம்தான் வந்தார்கள். அவர் தொட்டால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் கடைக்கு ஆள் வந்தது. வந்த ஆளையெல்லாம் இவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் ஆத்திரம் புரியும். நான் நல்லம்பள்ளியில் உரக்கடை வைத்திருக்கிறேன். விற்பது என் ரத்தத்தில் இருக்கிறது. கேழ்வரகுக்கு யூரியா வாங்க வந்தவரிடம் தென்னைக்கு ஒரு டானிக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவருக்குத் தென்னையே கிடையாது என்பது அவர் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இப்படி ஒரு கம்பெனியின் டானிக்கைக் கண்டமேனிக்குத் தள்ளியதில், மற்ற டீலர்களோடு என்னையும் தீபாவளி கழித்து மணாலிக்கு இலவசமாகக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். மணாலி! ஓமலூரைத் தாண்டினாலே எனக்கு வெளியூர்.

உடனே எனக்குப் புகைப்படப் பைத்தியம் முற்றிவிட்டது. கேமரா ஒன்று இருந்தது, கூடவே வந்த சாதா லென்ஸோடு. ஒரு வாரம் யூடியூப் பார்த்தேன். தாடிக்காரர் ஒருவர், பயணம் போகிறவன் அல்ட்ரா வைடு என்கிற அகல லென்ஸ் இல்லாமல் போனால் போகாததற்குச் சமம் என்று அடித்துச் சொன்னார். மலையும் வானமும் பள்ளத்தாக்கும் ஒரே படத்தில் அடங்குமாம். கடையில் மேல்தட்டில் அப்படி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். முன்கண்ணாடி தவளைக் கண்ணாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். போய்க் கேட்டேன்.

"எதுக்குங்க?"

மணாலிக்கு என்றேன். மணாலியில் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்றார். மலை என்றேன். சிரித்துவிட்டார்.

"மலைக்கு இது வேணாங்க. இதுல புடிச்சா இமயமலை கரையான் புத்தாட்டம் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. பொருளைக் கேட்டு வந்தவனிடம் பொருளைப் பழித்துப் பேசுகிற ஒருவனை என் ஆயுசில் பார்த்ததில்லை. நானும் விடவில்லை. தாடிக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். முதலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவர் லென்ஸை எடுத்துத் தன்னுடைய சாப்பாட்டுப் பைக்குள் போட்டு என் கையில் கொடுத்தார். டிபன் பாக்ஸை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். ரெண்டு நாள் வைத்திருங்கள், வத்தல்மலைக்குப் போய் எடுத்துப் பாருங்கள் என்றார்.

மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறினேன். அங்கே நின்று சுற்றிச் சுற்றி எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், முக்கால்வாசி வானம். கீழே என் நிழல். ஒரு ஓரத்தில் என் செருப்பு நுனி. மலை எங்கோ தூரத்தில் யாரோ கொட்டிவிட்டுப்போன சாணி எரு மாதிரி கிடந்தது. மனைவி ஒரு படத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் கை முழங்காலைத் தாண்டி நீண்டிருந்தது.

"ஏங்க, என் கை என்ன இவ்வளோ நீட்டம்? உங்க டானிக்க எனக்கும் அடிச்சுட்டீங்களா?" என்றாள். கடையில் அவர் வேண்டாம் என்று சொன்ன விஷயத்தைக் கேட்டதும், தர்மபுரியிலேயே புத்தியாகப் பேசுகிற ஆள் அவர் ஒருத்தர்தான் என்றும் தீர்ப்புச் சொன்னாள். அவரை அவள் பார்த்ததுகூட இல்லை.

படங்களை அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாக, "மலை எங்கீங்க?" என்று கேட்டார். பிறகுதான் சொன்னார், இது தள்ளி நின்று எடுக்கிற லென்ஸ் இல்லை, கிட்டப் போகிற லென்ஸ் என்று. கிட்ட இருப்பது பெரிதாகும், தூரத்தில் இருப்பது சிறுத்துவிடும்.

"மூஞ்சிக்கு மூஞ்சி போவணுங்க. அவங்க மூச்சுக்காத்து நம்ம மேல படணும். நீங்க மனுசங்ககிட்ட அவ்வளோ கிட்டப் போவீங்களா?"

லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். என் கடையில் எனக்கும் வருகிறவர்களுக்கும் நடுவில் அகலமாக ஒரு மேஜை கிடக்கிறது. அதை அவர் எங்கே பார்த்தார் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எரிச்சலாக இருந்தது.

அந்த லென்ஸ் எப்படி அங்கே வந்தது என்பதை முதலாளிதான் சொன்னார். பாலக்கோட்டு ஸ்டுடியோக்காரர் ஒருவர் கல்யாண மேடையில் சொந்தபந்தம் மொத்தத்தையும் ஒரே படத்தில் அடக்குவதற்கென்று கேட்டு வரவழைத்தது. சாமான் வந்து சேர்ந்த அன்று நம்மாள் அவரைக் கூப்பிட்டு, மேடை ஓரத்தில் யார் நிற்பார்கள் என்று கேட்டிருக்கிறார். தாய்மாமன்தான் என்றிருக்கிறார் அவர். ஓரத்தில் நிற்கிறவர் முகம் இழுத்துக்கொண்டு வரும், தாய்மாமனைப் பூசணிக்காய் ஆக்கினால் ஆல்பத்தை யார் வாங்குவார்கள் என்று இவர் கேட்க, ஸ்டுடியோக்காரர் கும்பிடு போட்டுவிட்டு ஓடியேவிட்டார். வரவழைத்ததைக் கம்பெனிக்காரர்கள் திருப்பியும் எடுத்துக்கொள்ளமாட்டார்களாம். ஒரு வருஷமாக மேல்தட்டில் கிடக்கிறது.

இதைச் சொன்ன அன்று நம்மாள் டீக்குப் போயிருந்தார். முதலாளி கல்லாமேல் சாய்ந்து என் காதருகே வந்தார்.

"ஆயுத பூசைக்குள்ள அத வித்தான்னா இங்க இருக்கட்டும். இல்லீனா பூசைக்கு மறுநாளு வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டனுங்க. எத்தன நாளைக்குத்தான் நான் பொறுக்கிறது?"

நம்மாளுக்கு இரண்டு பெண்கள், மூத்தது பன்னிரண்டாவது படிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அந்த லென்ஸை வாங்கக்கூடிய பைத்தியக்காரன் மாவட்டத்தில் நான் ஒருவன்தான். என்னையும் அந்த மனிதர் மலை எங்கே என்று கேட்டுத் துரத்திக்கொண்டிருக்கிறார். தலையெழுத்தைப் பாருங்கள்.

வீட்டில் சொன்னேன். இத்தனை நாள் வேண்டாம் என்றவள், வாங்கிவிடுங்கள் என்றாள். மறுநாளே நான் கடைக்குப் போய் அவரிடம், லென்ஸை எடுங்கள் என்றேன். வழக்கம்போல எதுக்குங்க என்றார். மணாலிக்குத்தான் என்றேன். மலை சிறுத்துவிடுமே என்றார். சிறுக்கட்டும் என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

"மொதலாளி சொன்னாருங்களா?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன். "எனக்காக வாங்காதீங்க. பின்னால அத எடுக்கிறப்ப எல்லாம் என்னத் திட்டுவீங்க."

இப்போதே திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷன். அவரிடம் பேசினால்தானே வம்பு என்று முதலாளிக்குப் போன் செய்தேன். பூஜை அன்று காலை நான் வருகிறேன், உங்கள் கையாலேயே லென்ஸைக் கொடுங்கள், அந்த ஆளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன். முதலாளி குளிர்ந்துபோனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மாள் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் அந்தக் கடையில் வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பவர் அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். அட்டைப்பெட்டி மேல் வைப்பார், லென்ஸ் மூடி மேல் வைப்பார், கேமராவின் முதுகில் வைப்பார். கண்ணாடிப் பக்கம் மட்டும் விரல் போகாது. சாமிக்கும் குறை இல்லை, லென்ஸுக்கும் குறை இல்லை.

அந்த வருஷம் முதலாளி, நீ பொட்டு வைத்துத்தான் கடைக்கு ராசியில்லாமல் போய்விட்டது, நானே வைக்கிறேன் என்று சொல்லி, அவரைத் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்க அனுப்பிவிட்டார். நான் போனபோது கடை முழுக்க மாவிலைத் தோரணம். பொரி, சுண்டல், வாழைப்பழம். அல்ட்ரா வைடு வாழையிலை நடுவில் வீற்றிருந்தது. முதலாளி அதன் மூடியைக் கழற்றினார். மூடி வைத்த பொருளுக்குப் பொட்டு வைத்தால் பலன் எப்படிச் சேரும் என்று என்னிடம் விளக்கினார். பிறகு அந்தப் புடைத்த கண்ணாடியின் நட்டநடுவில், நெற்றியில் வைப்பதுபோல, சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். எனக்கும் தவறாகத் தெரியவில்லை. என் கடைத் தராசுக்கு அப்படித்தான் வைக்கிறோம். கற்பூரம் காட்டியானதும் காய்ந்த சந்தனத்தை வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்து, பார்த்தீர்களா பளபளப்பை என்றார்.

பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நம்மாள் உள்ளே வந்தார். முதலாளியின் வேட்டி நுனியில் சிவப்பாக இருந்ததைப் பார்த்தார். மூடியில்லாத லென்ஸைப் பார்த்தார். பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு லென்ஸை எடுத்து டார்ச்சை அடித்தார். அவர் முகம் வெளுத்தது. முதலாளி சட்டென்று அவரைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப்போனார். குசுகுசுவென்று பேச்சு. அவருக்கு என்ன தெரியப்போகுது என்று முதலாளி சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

திரும்பி வந்த முதலாளி ஒரே சிரிப்பு. பூஜை போட்ட லென்ஸ், ராசியோ ராசி என்று என் கையில் கொடுத்துவிட்டு நம்மாளைப் பில் எழுதச் சொன்னார். கடையில் ஏழெட்டுப் பேர் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். நம்மாள் பில் புத்தகத்தைத் திறந்தார். என் பெயரை எழுதினார். எழுது, எழுது என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். லென்ஸை என் கையிலிருந்து வாங்கி, டார்ச்சை அடித்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். நட்டநடுவில் பூனை பிறாண்டியதுபோல நாலைந்து கோடுகள்.

"சந்தனத்துல மணல் இருந்திருக்குதுங்க. வெயிலப் பாத்து எடுத்தா படத்துல பொகையாட்டம் வரும். இது வேணாங்க."

பொரி மெல்லுகிற சத்தம் நின்றது. முதலாளி முகம் குங்குமத்தைவிடச் சிவந்தது. நான் லென்ஸை வைத்துவிட்டு வெளியே நடந்தால், இந்த ஆளும் என் பின்னாலேயே நடக்க வேண்டியதுதான். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்படியும் டார்ச்சை அடித்துக்கொண்டே நிற்கிறார், பாவி.

"எனக்கு இதுதான் வேணும். பில்லப் போடுங்க," என்றேன்.

"எதுக்குங்க?"

அத்தனை நாளும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு அகப்படவில்லை. அன்று வந்துவிட்டது.

"உங்க மேல இருக்கிற ஆத்திரத்துக்குங்க."

அவர் முதலில் திகைத்தார். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொண்டு பில்லை எழுதினார். பூசணிக்காய் உடைத்தார்கள். வேலை தப்பித்தது. லென்ஸைப் பையில் வைக்கும்போது தன் சட்டைப் பையிலிருந்த டார்ச்சையும் எடுத்து என்னிடம் நீட்டினார். பின்னால் யாருக்காவது விற்றால் கண்டிப்பாக இதை அடித்துக் காட்டிவிட்டு விற்கவேண்டும் என்றார். கிண்டல் இல்லை. சத்தியம் வாங்குகிற முகம். சரி என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை மறைக்க லென்ஸைக் கேமராவில் மாட்டி, நில்லுங்கள், உங்களை ஒன்று எடுக்கிறேன் என்றேன். கிட்ட வாங்க என்றார். போனேன். இன்னும் என்றார். கவுண்டர்மேல் வயிற்றை வைத்துச் சாய்ந்தேன். இன்னுங்க, பயப்படாதீங்க என்றார். அவர் குடித்த பாதி டீயின் வாசனை என் முகத்தில் அடித்தபோது பொத்தானை அமுக்கினேன்.

மணாலியில் எடுத்த படங்களைப் பற்றிப் பேச வேண்டாம். கரையான் புற்று, கரையான் புற்று, கரையான் புற்று. வெயில் பட்ட படத்திலெல்லாம் நடுவில் புகை.

அடுத்த பொங்கலுக்குள் அவரைக் கடையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ட்ரோன் கேட்டு வந்த ஒருவரிடம், உங்கள் ஊரில் அத்தனையும் புளியமரம், எங்கேயிருந்து பறக்கவிடுவீர்கள் என்று கேட்டாராம். நம்மாள் இப்போது தொப்பூர் கணவாயில் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருப்பதாகவும், லாரிக்காரர்களிடம் மீன் குழம்பு நேற்று வைத்தது, வேண்டாங்க என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் ஒருவர் சொன்னார். நிஜமோ பொய்யோ, நான் நம்பிவிட்டேன். அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயும் இறங்கித் தேடவில்லை. கண்டுபிடித்தால் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். தேடியிருக்கலாம். அது என் மனசில் இருக்கிறது.

போன மாதம் பீரோவை ஒழித்தபோது அந்த லென்ஸைப் பார்த்து, போனில் விளம்பரம் போட்டேன். அரூரிலிருந்து ஒருவர் என் கடைக்கு வந்தார். நல்ல உத்தியோகம் போலிருக்கிறது, ஷூ பளபளத்தது. காஷ்மீர் போகிறாராம். நான் விற்கத் தொடங்கினேன். உரக்கடைக்காரன் வாய்க்குச் சொல்லியா தர வேண்டும்? அவர் என் பேச்சில் மயங்கிவிட்டார். கடைசியாக, இதில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். உருப்படியாக இருந்த ஒரே படத்தைக் காட்டினேன்.

படம் நிறைய நம்மாள் முகம். மூக்கு கத்தரிக்காய் அளவுக்கு, கண் இரண்டும் நம்மைப் பார்த்து எதுக்குங்க என்று கேட்டபடி. பின்னால் மாவிலைத் தோரணம், தட்டுகள், பொரி தின்பவர்கள், மொத்தக் கடையும் அடங்கியிருந்தது. ரொம்பத் தூரத்தில், கல்லாவில், முதலாளி சுண்டல் கடலை அளவுக்கு உட்கார்ந்திருந்தார்.

பிரமாதமாக இருக்கிறதே, யார் இவர் என்று கேட்டார் வந்தவர். இதை எனக்கு விற்கமாட்டேன் என்று சொன்ன ஆள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே பணத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"எதுக்குங்க?" என்று ஒரு சத்தம் கேட்டது. என் வாயிலிருந்துதான் வந்தது.

"காஷ்மீருக்குத்தாங்க. அங்க மலை எல்லாம்…"

நான் இழுப்பறையிலிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றி அவர் பக்கம் போனேன். லென்ஸை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து அடித்துக் காட்டினேன். அவர் நிரம்ப நேரம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து மனைவி, வித்துட்டீங்களா என்று கேட்டாள். நான் டார்ச்சை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.